தூண்டில் ஈ கட்டுதல்: கொங்கு நாட்டில் புதிதாகத் தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

மீன்கள் இரையாகக் கொள்ளும் பூச்சி, அட்டை, தலைப்பிரட்டை, குஞ்சுமீன் ஆகியவற்றின் சாயலை இறகாலும் முடியாலும் நூலாலும் ஒரு முள்ளின் மேல் கட்டி எடுப்பதே தூண்டில் ஈ. ஃப்ளை ஃபிஷிங் என்ற பெயரில் இன்று அறியப்படும் தூண்டில் முறைக்கு உரிய இரை இது. மேலைநாட்டுப் பொழுதுபோக்காகத் தோன்றினாலும் இதன் மூலப்பொருள்கள் மிகப் பழையவை, மிக எளியவை. கி.பி. 200-ஐ ஒட்டிய ரோமானியர் காலக் குறிப்பு ஒன்று, மாசிடோனிய நாட்டு மீனவர்கள் முள்ளின் மேல் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்கு அடியில் வளரும் இறகுகள் இரண்டை அதனுடன் கட்டி மீன் பிடித்ததைச் சொல்கிறது. சேவல் இறகும் நூலும் கொங்கு நாட்டில் தேடி அலைய வேண்டிய பொருள்கள் அல்ல. ஒவ்வோர் ஊரிலும் நாட்டுக்கோழி இருக்கிறது. திருப்பூரில் நூலும், கோவையின் மோட்டார் வைண்டிங் கடைகளில் செப்புக் கம்பியும் எந்த அளவிலும் கிடைக்கின்றன.

பொருள் எளிதாகக் கிடைப்பதாலேயே புதியவர்கள் பலர் பொருள் சேர்ப்பதில் ஆர்வத்தைச் செலவழித்துவிட்டு, கற்க வேண்டியதைக் கற்காமல் விடுகிறார்கள். கற்க வேண்டியவை இரண்டு: நூலின் இறுக்கமும், ஈயின் உறுப்புகளுக்கு இடையிலான அளவும். இவ்விரண்டும் கைவர, பத்து வகை ஈக்களை ஒவ்வொன்று கட்டிப் பார்ப்பதைவிட, ஒரே ஈயைத் திரும்பத் திரும்பக் கட்டுவதே வழி. இந்த வழிகாட்டி அதனால்தான் ஒரே ஓர் ஈயைப் பெரிதும் விளக்கி, இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்கிறது.

எந்த மீனுக்கு, எந்த ஈ

இத்துறையின் நூல்களும் காணொளிகளும் பெரும்பாலும் குளிர்நீர் டிரவுட் மீனை மனத்தில் வைத்து ஆக்கப்பட்டவை. நம் பக்கத்தில் டிரவுட் நீலகிரியின் உயரங்களில் மட்டுமே உண்டு. அவலாஞ்சியில் 1907-இல் அமைந்த குஞ்சு பொரிப்பகத்தின் வழியாக அம்மலையின் ஓடைகளில் அது பரவியது. மலைக்குக் கீழே, பவானியிலும் அமராவதியிலும் காவிரியிலும் ஊர்க் குளங்களிலும் நமக்குக் கிடைப்பவை ஜிலேபி, விரால், கெண்டை வகைகள், கெளுத்தி முதலியவை. ஆகவே, நீரின் மேல் மிதக்கும் மெல்லிய டிரவுட் ஈக்களில் தொடங்குவது நமக்குப் பொருந்தாது. அவற்றுக்குத் தேவையான நீண்டு குறுகிய விறைப்பான இறகும் நாட்டுச் சேவலிடம் எளிதில் கிடைக்காது.

முதல் ஈயாக நான் பரிந்துரைப்பது வூலி பக்கர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரஸ்ஸல் பிளெசிங் 1967-இல் உருவாக்கிய இந்த ஈக்கு மென்தூவியாலான வால், நூலாலான உடல், உடலின் மேல் சுருளாக ஏறும் சேவல் இறகு ஆகிய மூன்றே உறுப்புகள். நீருக்குள் அட்டை போலவும், தும்பியின் இளம்புழு போலவும், சிறுமீன் போலவும் தோன்றக்கூடியது. ஜிலேபியும் விராலும் கெண்டையும் இதை எடுக்கும். நாட்டுச் சேவலின் மென்மையான, அடர்ந்த கழுத்திறகு மிதக்கும் ஈக்குக் குறையாக இருந்தாலும், நீரில் மூழ்கி அசைய வேண்டிய இந்த ஈக்கு அதுவே நிறைவாகிறது.

கருவிகள்

முள்ளைப் பிடித்து நிறுத்த ஒரு வைஸ் வேண்டும். இதற்கென்று விற்கப்படும் வைஸை இணையத்தில் வாங்கலாம். வாங்க விரும்பாதவர், நகை வேலை செய்வோர் பயன்படுத்தும் சிறிய கை வைஸ் ஒன்றை மேசை விளிம்பில் இறுக்கிக் கொண்டால் போதும்; கோவையின் ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கத்து லேத் பட்டறைகளில் அதற்கு ஒரு தண்டும் பிடிமானமும் செய்து தருவது அவர்களுக்குச் சிறு வேலை. தாடைகள் முள்ளை அசையாமல் பிடிக்க வேண்டும் என்பதே ஒரே நிபந்தனை. அழுத்தும்போது முள் சிறிதளவு நழுவினாலும் நூலின் இறுக்கம் கையில் பிடிபடாது.

அடுத்து பாபின் ஹோல்டர். நூற்கண்டைத் தாங்கி, ஒரு குழாய் வழியாக நூலை விடும் கருவி இது. இதன் குழாய் முனை வழவழப்பாக இருப்பது மிக முக்கியம். முனையில் சிறு பிசிறு இருந்தாலும் நூல் தேய்ந்து நடுவில் அறும். கற்பவர் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். முனைக்குள் பருத்தித் துணி நூல் ஒன்றை விட்டு இழுத்துப் பார்த்து, இழை சிக்கினால் அந்தக் கருவியைத் தவிர்த்துவிடுங்கள்.

கூர்மையான நுனி கொண்ட சிறிய கத்தரிக்கோல், பொற்கொல்லர்களின் சாமணம், மரப்பிடியில் செருகிய தையல் ஊசி, இறகின் நுனியைப் பிடிக்க ஒரு சிறு கிளிப், முள்ளின் எதிர்முள்ளை (முனையருகே எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முள்ளை) நசுக்க ஒரு மூக்குக் குறடு ஆகியவை மீதித் தேவைகள். செப்புக் கம்பி வெட்டப் பழைய கத்தரிக்கோலைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். விளக்கு நன்றாக இருக்கட்டும். மேசையின் மேல் வெள்ளைத் தாள் ஒன்றை விரித்துவிட்டால் முள்ளும் இழையும் தெளிவாகத் தெரியும்.

பொருள்கள்

முள்: நீண்ட தண்டு கொண்ட எட்டாம் எண் அல்லது பத்தாம் எண் முள் கற்பதற்கு ஏற்றது. முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறுக்கும் என்பதைக் கடையில் கேட்கும்போது நினைவில் கொள்ளுங்கள். 1/0, 2/0 என்று எழுதப்படும் பெரிய முட்களில் மட்டும் எண் கூடினால் அளவும் கூடும். மிகச் சிறிய முள்ளில் தொடங்குவது தேவையற்ற சிரமம்.

கட்டும் நூல்: பருத்தி நூல் நீரில் இற்றுப்போகும், தடிமனும் அதிகம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷினுக்குப் பயன்படும் முறுக்கற்ற பாலியஸ்டர் நூல் முள்ளின் மேல் தட்டையாகப் படியும். பயிற்சிக்கு அது மிக நன்று. அதன் கோன் பெரியது என்பதால், தையல் மெஷின் பாபினில் சிறிது சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கென்று விற்கப்படும் 140 டெனியர் (டெனியர் என்பது நூலின் தடிமனைக் குறிக்கும் அளவு) நூல் வாங்கினால் இன்னும் மெல்லியதாக, வலுவாக இருக்கும்.

உடலுக்கு: கருப்பு, பழுப்பு அல்லது பாசிப் பச்சை நிறத்தில் மெல்லிய உல்லன் நூல், செனில் நூல் (மேலெங்கும் மென்மயிர் நிற்கும் நூல்) கிடைத்தால் இன்னும் சிறப்பு.

கம்பி: வைண்டிங் கடையில் 34 கேஜ் எனாமல் செப்புக் கம்பி உடலை வரிந்து கட்டவும், 24 கேஜ் கம்பி எடைக்கும் உதவும். எடைக்கு ஈயக் கம்பியைச் சுற்றும் வழக்கம் உண்டு. ஆனால் நாம் குடிக்கும் நீரிலும் நாம் உண்ணும் மீன் வாழும் நீரிலும் ஈயத்தை விட்டுவருவதை நான் ஏற்பதில்லை. செம்பு போதும்.

இறகு: சேவலின் கழுத்திறகுகளும் முதுகின் பின்பகுதியில் தொங்கும் இறகுகளும் சுருள் கட்ட உதவும். வாலுக்கு வேண்டியது, வயிற்றுக்கு அடியிலும் தொடைப் பகுதியிலும் உள்ள பஞ்சு போன்ற தூவி. கறிக்கடையில் சொல்லி வைத்தால், வெந்நீரில் முக்குவதற்கு முன்பே பறித்துத் தருவார்கள். முக்கிய பின் பறித்த இறகு ஒட்டிச் சுருண்டு பாழாகியிருக்கும். செவலை, கருப்பு, வெள்ளை ஆகிய மூன்று இயற்கை நிறங்களே நீண்ட காலத்துக்குப் போதும். சாயம் ஏற்ற விரும்பினால், பருத்திக்கான சாயம் இறகில் சரியாகப் பிடிக்காது. கம்பளிக்கும் பட்டுக்கும் உரிய ஆசிட் சாயத்தைச் சிறிது வினிகருடன், மிகக் குறைந்த நீரில் பயன்படுத்த வேண்டும். அந்த நீரை வாய்க்காலில் ஊற்றக் கூடாது என்பதை நொய்யலைப் பார்த்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கொண்டுவந்த இறகை ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, நிழலில் முழுவதும் உலர்த்தி, காற்றுப் புகாத பையில் இட்டுச் சில நாள்கள் ஃப்ரீசரில் வைத்தெடுத்தால் செள்ளும் அந்தும் ஒழியும். அதன் பின் அந்துருண்டை ஒன்றுடன் மூடி வைக்கலாம். இறகைத் தொட்ட பின் சோப்பால் கை கழுவுவது கட்டாயம்.

மேலைநாட்டுக் குறிப்புகளில் மான் முடி அடிக்கடி வரும். இங்கே புள்ளிமான், கடமான் ஆகியவற்றின் முடியோ தோலோ வைத்திருப்பதே 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாரேனும் தந்தாலும் வாங்காதீர்கள். அந்த இடத்தில் வெள்ளாட்டின் முடி நன்றாகவே உதவும். தோட்டத்தில் மயில் உதிர்த்த இறகுகள் கிடந்தாலும், தொடங்குபவருக்கு அவை தேவையே இல்லை.

நூலைப் பழகுதல்

இறகைத் தொடுவதற்கு முன், வெறும் முள்ளும் நூலும் மட்டும் கொண்டு ஒரு மாலை முழுவதும் பழகுங்கள். முதலில் குறட்டால் எதிர்முள்ளை நசுக்கிவிடுங்கள். மீனை விடுவிக்கவும், கையில் குத்தினால் எடுக்கவும் அது எளிது. முள்ளின் உலோகம் மோசமானதாக இருந்தால், உழைத்துக் கட்டிய பின் ஒடியாமல் இப்போதே ஒடிந்துவிடும். பிறகு முள்ளின் தண்டு தரைக்கு இணையாக இருக்கும்படி, வளைவின் அடிப்பகுதியை வைஸில் இறுக்குங்கள்.

முள்ளின் காதுக்கு (நரம்பு கட்டும் துளைக்கு) பின்னால், காதின் நீளத்துக்குச் சமமான இடத்தை வெறுமையாக விட்டு, நூலைத் தண்டின் மேல் வைத்து, உங்களுக்கு அப்பால் செல்லும் திசையில் தண்டின் மேலாகச் சுற்றத் தொடங்குங்கள். நூலின் தலைப்பை இடக்கையால் சாய்வாகப் பிடித்து, அதன் மேலேயே ஐந்தாறு சுற்றுகள் ஏறினால் நூல் தானாகப் பூட்டிக்கொள்ளும். மிஞ்சிய தலைப்பை வெட்டிவிட்டு, சுற்றோடு சுற்று ஒட்டி, வளைவு தொடங்கும் இடம் வரை செல்லுங்கள். அங்கிருந்து காது நோக்கித் திரும்புங்கள்.

இப்போது நூலை மெல்ல இழுத்து, அது அறும் வரை இறுக்குங்கள். மறுபடி கட்டி, மறுபடி அறுங்கள். நூல் அறுவதற்குச் சற்று முன் கையில் தெரியும் விறைப்பே நீங்கள் கட்ட வேண்டிய இறுக்கம். இதை விரல் அறியும் வரை பழகிய பிறகுதான் அடுத்த படி. தளர்ந்த நூலால் கட்டிய ஈ எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் மீனிலேயே பிரிந்துபோகும்.

அடுத்துப் பழக வேண்டியது, பொருளைத் தண்டின் நேர் மேலே நிறுத்திக் கட்டும் பிடி. தூவியைத் தண்டின் மேல் வைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தண்டோடு சேர்த்துப் பற்றி, நூலை அவ்விரு விரல்களுக்கு இடையே மேலேற்றித் தளர்வான ஒரு வளையமாகத் தூவியின் மேல் கொண்டுசென்று, மறுபக்க இடுக்கில் கீழிறக்கி, பிறகுதான் நேர் கீழாக இழுத்து இறுக்க வேண்டும். சத்தியமங்கலத்தில் மல்லிகை கட்டுபவர்கள் காம்பை நசுக்காமல் கண்ணியை இறுக்குவதைப் போன்ற விரல் வேலை இது. விரல்களை முன்கூட்டியே எடுத்துவிட்டால், நூல் பொருளைத் தண்டின் மறுபக்கத்துக்குத் தள்ளிவிடும். இரண்டு மூன்று முறை இப்படிக் கட்டிய பின்னரே விரலை எடுங்கள்.

வூலி பக்கர் கட்டும் முறை

நூல் அடித்தளம் போட்ட முள்ளில், 24 கேஜ் செப்புக் கம்பியைத் தண்டின் முன்பாதியில் பத்துச் சுற்று அளவுக்கு நெருக்கமாகச் சுற்றுங்கள். காதுக்கும் கம்பிக்கும் இடையே காதின் நீளத்தைப் போல் இருமடங்கு இடம் கட்டாயம் இருக்க வேண்டும். எடை முன்பக்கம் இருப்பதால், தூண்டிலை விட்டு விட்டு இழுக்கும்போது ஈ தலை தாழ்ந்தும் எழுந்தும் நீந்தும். மீனைத் தூண்டுவது அந்த அசைவே. கம்பியின் மேல் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி அசையாமல் கட்டிவிட்டு, நூலை வளைவு தொடங்கும் இடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.

வால்: தூவியில் ஒரு கொத்து எடுத்து, நுனிகளை ஓரளவு சமப்படுத்தி, விரலை நனைத்துத் தடவிக்கொள்ளுங்கள், உலர்ந்த தூவி உப்பி இருப்பதால் அளவு ஏமாற்றும். முள்ளின் தண்டு எவ்வளவு நீளமோ வாலும் அவ்வளவு நீளம். அதை மேலே சொன்ன பிடியில் கட்டி, எஞ்சிய அடிப்பகுதியை வெட்டாமல் செப்புக் கம்பியின் விளிம்பு வரை தண்டின் மேலேயே படுக்கவைத்துக் கட்டுங்கள். இப்படிச் செய்தால் உடல் மேடு பள்ளமின்றி அமையும். வால் நீண்டுவிட்டால் கத்தரிக்கோலால் நேராக வெட்ட வேண்டாம். நுனியை விரல் நகத்தால் கிள்ளி எடுத்தால் இயற்கையாக இருக்கும்.

வாலின் அடியில், 34 கேஜ் கம்பியின் ஒரு முனையைக் கட்டிப் பின்னால் தொங்கவிடுங்கள். அதே இடத்தில் உல்லன் நூலின் முனையையும் கட்டி, கட்டும் நூலைக் காதுப்பக்கம் கொண்டுவாருங்கள். இப்போது உல்லன் நூலை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு முன்னேறி, காதின் இருமடங்கு இடம் எஞ்சும்போது நிறுத்தி, நான்கு இறுக்கமான சுற்றுகளால் கட்டி வெட்டுங்கள். அந்த இடத்தை இங்கே விட்டுக்கொடுத்தால் பின்னர் மீட்க முடியாது.

இறகைத் தேர்ந்தெடுப்பதே இந்த ஈயில் கண்ணுக்கு வேலை தரும் பகுதி. ஓர் இறகை முள்ளின் தண்டைச் சுற்றி வளைத்துப் பிடித்தால் அதன் இழைகள் விரியும். அவற்றின் நீளம், முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் இடையிலான வாயகலத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். இறகின் அடியில் உள்ள பஞ்சை உரித்துவிட்டு, அடிக்காம்பைக் காதுக்குப் பின்னால், இறகின் குழிந்த பக்கம் வாலை நோக்கும்படி கட்டுங்கள். நுனியைக் கிளிப்பால் பிடித்து, முதலில் அதே இடத்தில் இரண்டு சுற்றுகள், பிறகு இடைவெளி விட்டு ஐந்தாறு சுருள்களாக வாலை நோக்கி இறங்குங்கள். கிளிப்பை அப்படியே தொங்கவிடுங்கள்.

இனி அந்தச் செப்புக் கம்பியை எடுத்து, இறகின் நுனி மேல் ஒரு சுற்றுச் சுற்றி அதைப் பூட்டி, இறகு சென்ற திசைக்கு எதிர்த்திசையில் சுருளாகக் காது நோக்கி ஏறுங்கள். கம்பியைச் சற்று இடவலமாக அசைத்துக்கொண்டே ஏறினால் இழைகள் அதன் அடியில் படுத்துவிடாமல் நிமிர்ந்து நிற்கும். இறகின் நடுக்காம்பை ஒவ்வொரு சுருளிலும் கம்பி குறுக்கே கடந்து பிடித்துக்கொள்வதால், விராலின் பல் பட்டு ஓரிடத்தில் காம்பு அறுந்தாலும் இறகு முழுவதும் பிரியாது. பல விளக்கங்களில் இறகை வாலில் கட்டி முன்னோக்கிச் சுற்றச் சொல்வார்கள். அது எளிது, ஆனால் நம் மீன்களிடம் நிலைக்காது. கம்பியைக் காதுக்குப் பின் கட்டி, வெட்டாமல் முன்னும் பின்னும் ஆட்டி ஒடித்துவிடுங்கள். வாலடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இறகு நுனியை மட்டும் வெட்டுங்கள்.

தலை: இழைகளை இடக்கை விரல்களால் பின்னால் ஒதுக்கிப் பிடித்து, நூலால் சிறிய, வழவழப்பான தலை ஒன்றைக் கட்டுங்கள். முடிப்பதற்கு விப் ஃபினிஷ் என்ற முடிச்சு சிறந்தது: நூலை முக்கோணம் போல் விரல்களில் விரித்து, அதன் ஒரு பக்கத்தைத் தலையோடு ஒட்டவைத்து, மறுபக்கத்தை அதன் மேலேயே ஐந்து முறை சுற்றி, பிறகு மெல்ல இழுத்தால் நூல் தன் சுற்றுகளுக்கு அடியிலேயே புதைந்துவிடும். இது வரும் வரை, அரை முடிச்சு நான்கைந்து போட்டுக்கொள்ளலாம். நூலை வெட்டி, தலையில் நிறமற்ற நகப்பூச்சு ஒரு துளி இட்டு, காதுத் துளையில் பூச்சு அடைத்திருந்தால் காயும் முன் ஊசியால் நீக்குங்கள்.

கட்டியதைப் பார்த்துத் திருத்துதல்

ஒரே அளவில், ஒரே நிறத்தில் ஒரு டஜன் கட்டுங்கள்; கட்டிய வரிசையிலேயே ஒரு தெர்மாகோல் துண்டில் குத்தி வையுங்கள். முதலாவதையும் கடைசியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கை எங்கே தேறியது, எங்கே தேறவில்லை என்பது தெரியும். தொடங்குவோரின் ஈக்களில் மிகப் பொதுவான குறை, காதை நூல் மூடிவிடுவது. அதன் காரணம் தலையில் இல்லை. எடைக் கம்பியையோ உடலையோ அளவுக்கு மேல் முன்னால் கொண்டுவந்ததில் இருக்கிறது. உடல் தண்டின் மேல் சுழன்றால் நூல் அடித்தளம் தளர்வு. வால் ஒருபக்கம் சாய்ந்தால் விரலை முன்கூட்டியே எடுத்திருக்கிறீர்கள். தண்ணீர்க் குவளையில் போட்டுப் பார்க்கும்போது தலை கீழாகச் சாய்ந்து மூழ்கினால் எடை சரி. வால் முதலில் இறங்கினால் கம்பி பின்னால் போய்விட்டது. தவறியதை பிளேடால் அறுத்து, முள்ளை மீண்டும் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது ஈ: ஈசல்

மழை ஓய்ந்த மாலையில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பிக் குளத்தின் மேல் விழும்போது, மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாய் வைக்கும். இதற்கு மிதக்கும் ஈ வேண்டும். பன்னிரண்டாம் எண் முள்ளில், ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் இரண்டு மில்லிமீட்டர் ஈ.வி.ஏ. ஃபோம் தாளிலிருந்து வாயகலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் ஒரு பழுப்புப் பட்டையை வெட்டி, தண்டின் மேல் வாலருகே ஒரு கட்டும், முன்னே ஒரு கட்டுமாகப் போட்டால் பூச்சியின் வயிறும் தலையும் அமையும். ஃபோமின் மேல் நூலை முதலில் மெல்ல ஏற்றிப் பிறகு இறுக்க வேண்டும். எடுத்தவுடன் இறுக்கினால் நூல் அதை அறுத்துவிடும். இடையில் வெள்ளைப் பாலிதீன் பட்டை இரண்டைச் சிறகாகப் பின்னோக்கிச் சாய்த்துக் கட்டி, செவலை இறகு இரண்டு சுற்றுச் சுற்றி முடித்தால் ஈசல் ஆயத்தம்.

நீரில் இறக்கும் முன்

ஃப்ளை ராடில் (ஃப்ளை ஃபிஷிங்குக்கு உரிய தூண்டில் கோலில்) எறியப்படுவது ஈயின் எடை அல்ல, லைனின், அதாவது தூண்டில் கயிற்றின் எடை. எனினும் ராடு வாங்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நீண்ட மூங்கில் கோலின் நுனியில் அதே நீளத்துக்கு நரம்பு கட்டி, கரையோரத்தில் ஈயை இறக்கி அசைத்தாலே ஜிலேபி எடுக்கும்.

இடத்தைப் பொறுத்த விதிகளை முதலில் கேட்டறிய வேண்டும். ஊர்க் குளங்களின் மீன்பிடி உரிமை பெரும்பாலும் ஏலத்தில் ஒருவரிடம் இருக்கும்; அணைகளில் உரிய அனுமதி வேண்டும். சத்தியமங்கலம், ஆனைமலைப் புலிகள் காப்பகங்களுக்குள், அதாவது மாயாற்றிலும் மேல் அமராவதியின் காட்டுப் பகுதியிலும், தூண்டில் போடக் கூடாது. காவிரிப் படுகைக்கு மட்டுமே உரிய திமில் மஹசீர், 2018 முதல் ஐ.யு.சி.என். அமைப்பின் உலகச் செம்பட்டியலில் மிக அருகி அழியும் நிலையில் உள்ள மீன். தற்செயலாக அகப்பட்டாலும் நீரை விட்டு எடுக்காமல் முள்ளைக் கழற்றிவிட வேண்டும். எதிர்முள்ளை நசுக்கியிருப்பது அப்போது பயன்படும். விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும் இடத்தில் ஈயை வீசாதீர்கள். தாயும் தந்தையும் போனால் அந்தக் குஞ்சுகள் முழுவதும் பிற மீனுக்கு இரையாகும். அமராவதி அணையிலும் பவானிசாகரிலும் முதலைகள் உண்டு. நீருக்குள் இறங்கி நிற்காமல் மேட்டிலிருந்தே எறியுங்கள். வீசும்போது ஈ காதோரம் பறந்து வரும் என்பதால் தொப்பியும் கண்ணாடியும் வேண்டும்.

வீடு திரும்பியதும் நனைந்த ஈக்களை மூடிய டப்பாவில் விடாமல், நல்ல நீரில் அலசி, காற்றாட உலரவிட்டு, பிறகே அடுக்குங்கள். இறகு நசுங்கியிருந்தால் கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியில் சாமணத்தால் பிடித்துக் காட்டினால் இழைகள் மீண்டும் நிமிரும். முள்ளின் முனை நகத்தின் மேல் வழுக்கினால் சிறு அரத்தால் தீட்டிக்கொள்ளுங்கள்.